வீட்டு நெட்வொர்க்: இணையம் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

வீட்டில் இணையம் இழுத்தால் நம்மில் பலர் செய்வது இரண்டு காரியம்தான். ரவுட்டரை அணைத்துப் போடுவோம். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஒப்பந்தம் முடியும் நேரம் பார்த்து இன்னும் வேகமான திட்டத்துக்குத் தாவுவோம். முதலாவது சில நேரம் வேலை செய்யும். இரண்டாவது பெரும்பாலும் காசுக்குக் கேடு, ஏனென்றால் சிங்கப்பூரில் வாசல் வரைக்கும் வரும் ஃபைபர் பொதுவாக நன்றாகவே இருக்கிறது, சிக்கல் வாசலைத் தாண்டி உள்ளே, நம் சுவருக்கும் நம் கேபிளுக்கும் நம் பழைய மடிக்கணினிக்கும் நடுவில் எங்கோ ஒளிந்திருக்கிறது. அது எங்கே என்று தேடத்தான் இந்தக் குறிப்பு. நெட்வொர்க் பாடம் முழுவதையும் உருப்போட வேண்டாம். உங்கள் கைப்பேசியிலிருந்து வெளியுலகம் வரை தகவல் எந்த வழியாகப் போகிறது, எங்கெங்கே கைமாறுகிறது என்று தெரிந்தால் போதும், அப்புறம் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்க்கலாம்.

சுவரிலிருந்து தொடங்குவோம்

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடாக இருந்தால் வாசல் கதவு அருகிலோ, வரவேற்பறையிலோ, பாம் ஷெல்டர் என்ற தற்காப்பு அறையின் பக்கத்திலோ சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கும். ஃபைபர் வந்து முடியும் இடம் அது. அதுவரைக்கும் வரும் கண்ணாடி இழை நெட்லிங்க் டிரஸ்ட்டுடையது. நீங்கள் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 என்று யாருக்குச் சந்தா கட்டினாலும் வீட்டுக்குள் வரும் இழை பொதுவாக அதேதான், அதனால் நிறுவனம் மாறினால் இழைக் கோளாறு தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்தப் பெட்டியிலிருந்து மெல்லிய ஒரு ஃபைபர் வயர் ஓஎன்டி என்ற கருவிக்குப் போகும். ஒளியாக வருவதை மின்குறிகளாக மாற்றுவது மட்டும்தான் அதன் வேலை. ஃபைபர் வயரை மடித்து அலமாரிக்குப் பின்னால் திணிக்கக் கூடாது, உள்ளே இருப்பது கண்ணாடி. ஓஎன்டியின் விளக்குகளை ஒருமுறை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிஓஎன் (PON) என்று எழுதிய விளக்கு நிலையாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வந்து சேர்கிறது. எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ கண்சிமிட்டினாலோ ஒளியே வரவில்லை, நீங்கள் ரவுட்டரை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, வயர் இரண்டு முனையிலும் சரியாகச் செருகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஓஎன்டிக்கு அடுத்தது ரவுட்டர். நாம் ரவுட்டர் என்று சொல்லும் அந்த ஒரு பெட்டிக்குள் உண்மையில் மூன்று கருவிகள் இருக்கின்றன. வீட்டு நெட்வொர்க்கையும் வெளி இணையத்தையும் இணைக்கும் ரவுட்டர் ஒன்று, பின்பக்கம் லேன் கேபிள் செருகும் துளைகளாகத் தெரியும், வீட்டுக் கருவிகளைக் கேபிளில் இணைக்கும் சுவிட்ச் ஒன்று, வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் ஒன்று. இந்த மூன்றையும் மனத்தில் பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதிக் குழப்பம் போய்விடும். வைஃபை சரியில்லை என்பதும் இணையம் சரியில்லை என்பதும் ஒன்றல்ல.

சில திட்டங்களில் ஓஎன்டியும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக ஓஎன்ஆர் என்ற பெயரில் வரும். இதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன், தொல்லை பிடித்த விஷயம்.

முகவரிகள்

நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. உங்கள் கைப்பேசியின் வைஃபை அமைப்பில் பார்த்தால் அநேகமாக 192.168 என்று தொடங்கும், சில வீடுகளில் 10 என்று தொடங்கும். பக்கத்து வீட்டிலும் அதே எண் இருக்கலாம், அதில் தவறில்லை. நான்கு பகுதியாக எழுதும் ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடிதான், உலகத்தில் இருக்கும் கருவிகளுக்குப் போதாது, ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான கையிருப்பு 2011லேயே வறண்டுவிட்டது. அதனால் வீட்டுக்குள் மட்டும் செல்லும் தனி முகவரிகள் சிலவற்றை ஒதுக்கிவைத்து, வீட்டுக்கு வெளியே ஒரே ஒரு பொது முகவரியைக் காட்டுகிறார்கள். வீவக புளோக்குக்கு ஒரே அஞ்சல் குறியீடு, உள்ளே ஆளாளுக்கு ஒரு வீட்டு எண் இருக்கிற மாதிரி. உள்ளேயிருந்து யார் எதைக் கேட்டார்கள் என்பதை ரவுட்டர் ஓர் அட்டவணையில் குறித்துவைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரிய கருவிக்கு அனுப்பும். நாட் என்று சொல்வது இதைத்தான். ஐபிவி6 முகவரிகள் 128 பிட் நீளம், அங்கே இந்தப் பற்றாக்குறை கிடையாது, இரண்டும் இப்போது ஒன்றாகவே ஓடுகின்றன.

உங்கள் கருவிக்கு அந்த எண்ணை யார் கொடுத்தது? ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி என்ற சேவை. வைஃபையில் சேர்ந்த நொடியில் கருவி கேட்கும், டிஎச்சிபி காலியாக இருக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கும், கூடவே வெளியே போக யாரிடம் போக வேண்டும் என்ற கேட்வே முகவரியையும், பெயர் தேட யாரிடம் கேட்க வேண்டும் என்ற டிஎன்எஸ் முகவரியையும் கொடுக்கும். விண்டோஸ் கணினியில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால் இவை தெரியும், டிஎன்எஸ்ஸையும் பார்க்க ipconfig /all என்று தட்ட வேண்டும். அங்கே உங்கள் முகவரி 169.254 என்று தொடங்கினால், டிஎச்சிபி பதில் தரவில்லை, கருவி தானாக ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் கோளாறு உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான். நிறுவனத்தின்மேல் பழி போடாதீர்கள்.

டிஎன்எஸ் பெயரை எண்ணாக மாற்றும் சேவை. அது படுத்துவிட்டால் இணைப்பு இருந்தும் ஒரு பக்கமும் திறக்காது. உங்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ் தகராறு செய்தால் ரவுட்டர் அமைப்பில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிக்கொள்ளலாம், முன்னது கிளவுட்ஃபிளேர், பின்னது கூகல் நடத்துவது.

இப்போது ஓஎன்ஆர். நிறுவனம் கொடுத்த ஓஎன்ஆர் ஏற்கெனவே ரவுட்டர் வேலையைச் செய்துகொண்டிருக்க, அதன் பின்னால் நீங்கள் ஆசையாக வாங்கிய சொந்த ரவுட்டரைச் செருகினால் நாட் இரண்டு முறை நடக்கும். பக்கங்கள் திறக்கும், வீடியோ ஓடும், எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் ஓஎன்ஆரின் வைஃபையில் இருக்கும் பிரிண்டரை உங்கள் ரவுட்டரில் இருக்கும் மடிக்கணினி தானாகக் கண்டுபிடிக்காது, கேம்ஸ் விளையாடும் பிள்ளை நாட் டைப் சரியில்லை என்று புலம்பும், வெளியிலிருந்து வீட்டுக் கேமராவுக்கு வர ரவுட்டரில் வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் போட்டால் வேலை செய்யாது. வழி இரண்டு. ஓஎன்ஆரை அதன் ரவுட்டர் வேலையை நிறுத்திவிடும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள், அல்லது சொந்த ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போட்டு வைஃபை வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போதே ஓஎன்டி மட்டும் போதும் என்று கேட்பது இன்னும் நல்லது, சொந்த ரவுட்டர் இருக்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. ரவுட்டரின் வேன் (WAN) முகவரி, அதாவது அதன் வெளிப்பக்க முகவரி, 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்குகிறது என்றால் உங்கள் நிறுவனமே தன் பக்கத்தில் ஒரு நாட் வைத்திருக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் அங்கே நடக்காது. பொது முகவரி தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கே அறுந்திருக்கிறது

இதற்கு பிங் போதும். கணினியில் பிங் என்று தட்டி ஒரு முகவரியைக் கொடுத்தால், அங்கே போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று காட்டும். மூன்று முறை செய்யுங்கள், வரிசை முக்கியம்.

முதலில் கேட்வேக்கு, அதாவது உங்கள் ரவுட்டருக்கே. வைஃபையில் ஒற்றை இலக்கத்தில் வர வேண்டும், கேபிளில் ஒன்றுக்கும் குறைவாகவே காட்டும். இங்கேயே 80, 200, 15, டைம் அவுட், 140 என்று குதித்தால் வைஃபைதான் குற்றவாளி, மேலே போகவே வேண்டாம். அது சரியாக இருந்தால் 8.8.8.8க்கு பிங் செய்யுங்கள். சிங்கப்பூரிலிருந்து சில மில்லி விநாடிகளில் பதில் வரும். ரவுட்டர் பதில் சொல்லி இது சொல்லவில்லை என்றால் சிக்கல் ரவுட்டருக்கு வெளியே, ஓஎன்டி விளக்கைப் பார்க்கும் நேரம் இது. இரண்டும் சரி, ஆனால் ஓர் இணையத்தளத்தின் பெயரைக் கொடுத்தால் முகவரியே கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறதா, டிஎன்எஸ்.

பிங் எண்ணை வைத்து ஊருக்குப் பேசும் அழைப்பையும் கணக்குப் போடலாம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002ல் பயன்பாட்டுக்கு வந்த ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆகப் போக 16, திரும்ப 16, மொத்தம் 32 மில்லி விநாடி, நடுவில் எந்தத் தாமதமும் இல்லை என்று வைத்துக்கொண்டாலே. அமெரிக்க மேற்குக் கரையில் இருக்கும் சர்வர் என்றால் 130ஐத் தாண்டாமல் வழியில்லை. எந்த ரவுட்டர் வாங்கினாலும் எந்தத் திட்டத்துக்கு மாறினாலும் இந்த எண்ணுக்குக் கீழே போக முடியாது, தூரத்தில் இருக்கும் கேம் சர்வருக்கு லேக் அடிக்கிறது என்று கேமிங் ரவுட்டருக்குக் காசு கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வேகம், கேபிள்

திட்டத்தில் எழுதியிருக்கும் வேகம் பிட் கணக்கு, கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது பைட் கணக்கு. எட்டால் வகுங்கள். 1 ஜிபிபிஎஸ், அதாவது விநாடிக்கு 1,000 மெகாபிட் திட்டத்தில் விநாடிக்கு 125 மெகாபைட்தான் உச்சம், நடைமுறையில் 110க்கு மேல் வந்தால் கேபிளும் ரவுட்டரும் நன்றாக இருக்கின்றன.

வேகத்தை அளப்பது எப்போதும் கேபிளில். மடிக்கணினியை ரவுட்டரில் நேராகச் செருகி ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். அங்கே 900 எம்பிபிஎஸ்ஸுக்கு (விநாடிக்கு மெகாபிட்) மேல் வந்து படுக்கையறை வைஃபையில் 60 வந்தால், திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. கேபிளிலும் சொல்லி வைத்தாற்போல் 94, 95 என்று நின்றுவிடுகிறதா? இது எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி, ஏனென்றால் காரணம் அநேகமாக ஒன்றேதான், இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு எட்டும் வேண்டும், 100க்கு நான்கு போதும். ஒரு கம்பி முனையில் சரியாக அமராவிட்டாலும் இரண்டு பக்கக் கருவிகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடலாம், ஒரு பிழைச் செய்தியும் வராது. கேபிளை மாற்றிப் பாருங்கள். சுவருக்குள் ஓடும் கேபிள் என்றால் முனையில் நிறங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள், வழக்கமான பி வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. கம்பியும் ஒழுங்கு என்றால் நடுவில் எங்காவது 100க்கு மேல் போகாத பழைய சுவிட்ச் உட்கார்ந்திருக்கும்.

கேபிள் வாங்கப் பெரிய யோசனை தேவையில்லை. கேட்5இ 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். கேட்6 வாங்கினால் வீட்டுத் தூரத்துக்கு 10 ஜிபிபிஎஸ் கூடப் போகும். கேட்7, கேட்8 என்று அச்சடித்து மினுக்கும் கேபிள்களை விட்டுவிடுங்கள். சிம் லிம் ஸ்குவேரில் கிடைக்கும், முனை அடிக்கும் கருவியும் உதிரிகளும் வேண்டுமென்றால் பக்கத்தில் சிம் லிம் டவர், தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகிற வழியிலேயே முடித்துவிடலாம்.

10 ஜிபிபிஎஸ் திட்டம் தேவையா என்று பலரும் கேட்கிறார்கள். நாட்டின் அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு உயர்த்த 2024 வரவுசெலவுத் திட்டத்தில் 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கினார்கள், விலையும் இறங்கி வருகிறது, சரிதான். ஆனால் உங்கள் கணினியின் லேன் துளை 1 ஜிபிபிஎஸ் என்றால் அதற்கு மேல் ஒரு துளி இறங்காது, சாதாரண வைஃபை 6 கைப்பேசி ரவுட்டருக்கு எதிரே உட்கார்ந்தாலும் 700, 800 எம்பிபிஎஸ் எட்டினால் பெரிது. கருவிகள் அதற்கு ஏற்றவையாக இல்லாதவரை நான் அந்தக் காசை வீட்டுக்குள் கேபிள் இழுக்கச் செலவிடுவேன்.

ரவுட்டரை எங்கே வைப்பது

வீட்டு வைஃபையின் தலையெழுத்து பெரும்பாலும் இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. 1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் பாம் ஷெல்டர் இருக்கிறது, தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. அதற்குள் ரவுட்டரை வைத்துக் கதவைச் சாத்தினால் வைஃபை அலை வெளியே வரத் திணறும். ஆனால் ஃபைபர் பெட்டி அங்கேயோ அதன் பக்கத்திலோ இருப்பதாலும், வயர்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்பதாலும் பல வீடுகளில் ரவுட்டர் அங்கேதான் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது. ஷெல்டர் சுவரைக் குடைந்து கேபிளை வெளியே எடுக்கும் யோசனை வேண்டாம், சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் அதற்கு இடம் தராது.

தேவைக்கேற்ப வீவக கட்டித்தரும் புதிய பிடிஓ வீடு என்றால் அதிர்ஷ்டம், வரவேற்பறையிலும் படுக்கையறைகளிலும் லேன் பாயிண்ட் இருக்கும், எல்லாம் சுவருக்குள் ஓடி ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் வந்து சேரும். இங்கே இரண்டு அமைப்பு சாத்தியம். ஒன்று, ஓஎன்டியை அங்கே வைத்து, அதிலிருந்து வரவேற்பறைக்குப் போகும் கேபிளில் செருகி, ரவுட்டரை வரவேற்பறையில் திறந்த இடத்தில் வைப்பது. எளிது, மலிவு, ஆனால் படுக்கையறை பாயிண்ட்டுகளுக்கு ரவுட்டரிலிருந்து திரும்பிப் போக இரண்டாவது கேபிள் வேண்டும், வரவேற்பறையில் இரட்டைப் பாயிண்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு, ரவுட்டரையும் ஓஎன்டியோடு உள்ளேயே வைத்து, தேவைப்பட்டால் ஐந்து துளை சுவிட்ச் ஒன்றையும் சேர்த்து, அறைகளின் பாயிண்ட்டுகளில் ஆக்சஸ் பாயிண்ட் மாட்டுவது. கொஞ்சம் செலவு, ஆனால் ஐந்தறை வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய ரவுட்டரையே ஆக்சஸ் பாயிண்ட் மோடில் போட்டு, அதே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துப் பயன்படுத்தலாம்.

லேன் பாயிண்ட் இல்லாத பழைய வீடு என்றால், மூவறை வீட்டுக்கு நடுவில் வைத்த ஒரே ரவுட்டர் போதும். பெரிய வீட்டில் மெஷ், அதாவது ஒரே வைஃபையைச் சேர்ந்து பரப்பும் பல பெட்டிகள், வைக்கலாம், ஆனால் இரண்டாவது பெட்டியை வைஃபை செத்துப்போன அறையில் வைக்காதீர்கள், அலை இன்னும் நன்றாக வருகிற பாதி வழியில் வையுங்கள். முடிந்தால் சுவரோரமாக ஒரு தட்டைக் கேபிள் இழுத்து இரண்டையும் இணைத்துவிடுங்கள், கேபிளுக்கு நிகர் கேபிள்தான்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி நன்றாகப் போகும், மெதுவானது, மேல்வீடு கீழ்வீடு எல்லாருடைய வைஃபையும் அதில்தான் மோதும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் கத்தும். அதில் சேனல் 1, 6, 11 ஒன்றோடொன்று உரசாதவை, ஆள் குறைவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் மோசமாகச் சோரும், ஆனால் கூட்டம் இல்லை. மீன் தொட்டிக்குப் பின்னால், தொலைக்காட்சிக்குப் பின்னால், நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைக்காதீர்கள். நீரும் உலோகமும் அலைக்கு எதிரி.

பாதுகாப்பு, சுருக்கமாக

ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், இது வைஃபை கடவுச்சொல் இல்லை, அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய உள்ளது. வைஃபையின் பூட்டு முறையை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3க்கு வையுங்கள், கடவுச்சொல் தட்டாமலே கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பொத்தானை அணைத்துவிடுங்கள், ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைத் தானாகப் புதுப்பிக்க விடுங்கள். கேமரா, ஸ்மார்ட் பிளக், விருந்தாளிகள் எல்லாரையும் உங்கள் வைஃபையிலிருந்து பிரிந்து நிற்கும் கெஸ்ட் நெட்வொர்க்கில் தள்ளுங்கள். 2020ல் சிங்கப்பூர் வீட்டுக் கேமராப் பதிவுகள் இணையத்தில் கசிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள், அதனால் கேமராவுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் கொடுங்கள். இங்கே கடையில் விற்கும் வைஃபை ரவுட்டர்களுக்கு சைபர் பாதுகாப்பு முத்திரையில் குறைந்தது முதல் நிலையாவது கட்டாயம், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் மலிவாகத் தருவிக்கும் பெட்டிக்கு அந்தச் சோதனை நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், ஆனால் கையில் நான்கு தகவலோடு: எல்ஓஎஸ் விளக்கின் நிறம், கேபிளில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் எண், கேட்வே பிங், 8.8.8.8 பிங். ரவுட்டரை அணைத்துப் போட்டீர்களா என்று அவர்கள் கேட்பார்கள். போட்டாயிற்று, கேபிளில் அளந்த எண் இது, ரவுட்டர் வரை பிங் சுத்தம், அதற்கு வெளியேதான் அறுந்துபோகிறது என்று சொல்லி, ஆளை அனுப்பும் தேதியைக் கேளுங்கள்.